முதல் சிலிண்டரும் ஒரு கட்டைவிரலும்

போடிமெட்டுப் பாதையில் ஒரு பிக்கப்பு வண்டியையும், பதினைந்து மூட்டை ஏலக்காயையும், ஐந்து உயிர்களையும் என் வலது கட்டைவிரலால் கீழே இறக்கியவள் நான். சரி, மூட்டை ஏழுதான். டிரைவர் ஜக்கையனும் கொஞ்சம் உதவினார். மற்றதெல்லாம் நடந்தபடியே சொல்கிறேன்.

ஜக்கையனுக்குச் சொந்த ஊர் சிலமலை. யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டி, ஒரு காது மந்தமாகி ஊர் திரும்பியவர். எழுத்து தெரியாது. எஞ்சினின் ஆறு ஒயரிலும் நூல் கட்டி, முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு முடிச்சு என்று போட்டு வைத்திருப்பார். வளைவுக்கு வளைவு இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார். லோடு ஆட்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால், "பயப்படாத டிரைவரெல்லாம் கீழ பள்ளத்துல கெடக்கான், போய்க் கேட்டுப் பாரு" என்பார்.

1956, ஆவணி மாதம். மறுநாள் காலை மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கான தேர்வு எனக்கு. "இந்தத் தடவை எடம் கெடைக்கலேன்னா தையில கல்யாணம்" என்று அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார். போடியில் மூன்று மணி ரயிலை விட்டால் தேர்வு இல்லை. துணைக்கு என் மதினி சோலையம்மாள் வந்தாள். மதினி மடியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் மலை இறங்கியதே கிடையாது.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் மூச்சே இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். மேகம் இறங்கி முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"டிஸ்ட்ரிபூட்டர் போச்சு. அதுதான் ஒவ்வொரு சிலிண்டருக்கா நெருப்புப் பொறிய அனுப்புற சாமான். தண்டு தேஞ்சு ஆடுது" என்றார் ஜக்கையன். சீட்டுக்கடியில் துண்டில் சுற்றிய வேறொன்று இருந்தது, உடைத்த வண்டியில் கழற்றியது.

"அதுக்குப் பதிலா சும்மா உருட்டி விடுண்ணே, எறக்கந்தான" என்றான் லோடு ஆட்கள் இருவரில் ஒருவனான பெரியகருப்பன்.

"உருட்டுவ. இந்த வண்டிக்கு எஞ்சின்தான்டா பிரேக்கு."

கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார். பழையதன் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் முள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு நேராக எஞ்சினில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். "புதுசும் இதே பக்கம் பாக்கணும். அதுவரைக்கும் எஞ்சின் ஒரு நூல் அசையக் கூடாது." இதை அவர் வாய்க்குள் சொன்னார். அப்போது எங்களில் யாருக்கும் கேட்கவில்லை; பின்னால் அவர் சொல்லித்தான் தெரியும்.

பழையதை உருவிவிட்டு, வெளிச்சம் தேடி வளைவுக்கு அந்தப் பக்கம் போய், புதியதன் முனைகளைத் தேய்க்க உட்கார்ந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கோட்டுக்கு நேராக மாட்டினார். ஆறு ஒயரையும் முடிச்சு எண்ணிச் செருகினார். அவர் கிளட்ச்சை மிதித்துக்கொள்ள, பெரியகருப்பன் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றினான். டமார்! எஞ்சின் நெருப்பைத் துப்பியது. மறுபடி சுற்றினான். மறுபடி டமார். ஜக்கையனின் நெற்றி அந்தக் குளிரிலும் வேர்த்தது. மணி ஒன்றரை. தை மாத மாப்பிள்ளை என் கண்ணுக்கு நேரே மீசையை முறுக்கினான்.

ஜக்கையன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கல் ஒரு முழம் தள்ளி இருந்தது; முன்பு அது இருந்த இடத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

"யாரு வச்சது?"

"நாந்தாண்ணே" என்றாள் மதினி. "புதுச் சாமான் மாட்டுற வண்டி, பழம் நசுக்காம எறக்கலாமா? ஆளுக ரெண்டு பேரும் ஒரு முழந்தான் தள்ளுனாக."

"கியர்ல கெடந்த வண்டிய தள்ளுனா எஞ்சினும் சுத்துமே தாயி! என் கோடு இப்ப எதைக் காட்டுதோ! மாட்டி முடிச்சப்புறம்ல பழம் வைப்பாக?"

மதினி முகம் வெளுத்துவிட்டது. ஜக்கையன் வேறெதுவும் திட்டவில்லை. கியரை எடுத்துவிட்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும் பெரிய கல்லாக முட்டுக் கொடுத்தார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினார். "இந்த ஓட்டைய ஒருத்தர் கட்டைவெரலால அமுக்கிப் பிடிக்கணும். காத்து வெரலத் தள்ளுனதும் சொல்லணும், அப்பத்தான் அந்தச் சிலிண்டரு பொறிக்குத் தயார். பயந்து கைய எடுத்தா எல்லாம் போச்சு."

பிடித்தேன். இரும்பு சுட்டது. கைப்பிடி மெதுவாகச் சுற்றியது. ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... திடீரென்று உள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல விரலைத் தள்ளியது. "வந்திருச்சு!"

ஜக்கையன் எஞ்சினை அங்கேயே நிறுத்தி, டிஸ்ட்ரிபூட்டரை உருவி, முள் ஒற்றை முடிச்சு ஒயரைப் பார்க்கும்படி திரும்ப இறக்கினார். பிளக்கை மாட்டினார். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல காதை அதன்மேல் சாய்த்து, டிஸ்ட்ரிபூட்டரை மயிரிழை திருப்பி, சத்தம் சீரானதும் முடுக்கினார்.

கார்டு கொடியைத் தூக்கிய பிறகுதான் ரயிலில் ஏறினேன். தேர்வில் தேறி, முப்பத்தோரு வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்தேன். ஜக்கையன் கண் மங்கும்வரை அந்த மலையில் ஓட்டினார். ஒரு வண்டியைக்கூடப் பள்ளத்தில் விட்டதில்லை. கடைத்தெருவில் எங்களைக் கண்டால் வண்டிக்குள்ளிருந்தே எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

இதுவரை எழுதியதை, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினிக்குப் படித்துக் காட்டினேன்.

"காட்டுனது எனக்கு" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "பரிச்ச எழுதுற கையில கிரீசு படும்னு நீ முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்ட. சுட்டது என் வெரலு. எழுதுறதுதான் எழுதுற, மூட்டையும் நாலுன்னு மாத்து."