இரண்டாவது மாடி, ஓரத்து ஜன்னல்

என் தையல் கடைக்கும் பக்கத்துச் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆவி இஸ்திரிப் பெட்டி பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் என் கண்ணாடி மங்கும். தடுப்புக்கு அப்பால் நின்று வேலை செய்பவரை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மடிப்பு அண்ணன். அவரிடம் இருந்தவை இரண்டே கால்சட்டைகள். இரண்டிலும் மடிப்பு காய்கறி நறுக்கலாம் போல நிற்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். வீட்டு நம்பர் கேட்காமல் துணியைக் கையால் தொட மாட்டார். வந்தவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி அதுதான். துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் காலரில் குத்திவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். அதனால் அவருக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. "பதினேழு இன்னைக்கு ரொம்பக் கோவமா இருக்கார்", "நாப்பத்தொண்ணு பாவம், காய்ச்சல்னு படுத்திருக்காங்க" என்றுதான் பேசுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. ஒரு நாள் பதினேழாம் நம்பர்க்காரர் என் கடைக்குப் பொத்தான் தைக்க வந்தபோது, "வாங்க பதினேழு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனிதர் சிரிக்கவில்லை. அவர் குடியிருப்போர் சங்கத் தலைவர், சிரிப்பது அவர் வேலையில்லை.

ஊருக்கெல்லாம் நம்பர் கேட்ட அண்ணனுக்கு நம்பர் கிடையாது. கடையின் பின்னால் துணி அடுக்கும் அலமாரிகளுக்கும் கொதிகலனுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கேதான் படுப்பார். தங்கக்கூடாது என்பது சட்டம். முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். சம்பளம் கொடுக்காமல் ஒரு காவல்காரர் கிடைத்தால் யார்தான் கண்ணைத் திறப்பார்கள்?

வெளியே வீடு பார்க்காமல் இல்லை. எங்கள் புறநகரில் வாடகை விசாரித்துவிட்டு வருகிறவர்கள் அடுத்ததாகக் குடிக்கத் தண்ணீர்தான் கேட்பார்கள். அண்ணனும் என்னிடம் பல தடவை தண்ணீர் கேட்டிருக்கிறார்.

அவருக்கு ஒரு மகள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்கு முன்பே அம்மா இறந்துவிட்டாள். அலமாரிக்கும் கொதிகலனுக்கும் நடுவில் குழந்தையை எங்கே வைப்பது? அண்ணனின் அக்கா, "நான் பாத்துக்கறேன், நீ ஒரு வீட்டைப் பிடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போ" என்று தூக்கிக்கொண்டு போனார். ரயில் மாறிப் போக வேண்டிய ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போவார், சாயங்காலம் திரும்புவார். கிளம்பும்போதெல்லாம் மகளிடம் ஒரே வார்த்தைதான்: "வீடு கிடைக்கட்டும்டா கண்ணு, கூட்டிட்டுப் போயிடறேன்."

ஆரம்பத்தில் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடி வருவாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவார். துணி கருகிவிடும் என்ற பயம்.

அப்படி இருக்கும்போதுதான் நகரசபை ஓர் அறிவிப்பு செய்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பழைய பேருந்துப் பணிமனை காலியாகக் கிடந்தது. அந்த நிலத்தில், இங்கே வேலை செய்து பிழைப்பவர்களுக்காகக் குறைந்த வாடகை வீடுகள் கட்டப்போகிறார்கள். நகரசபை வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டையால் செய்த கட்டடத்தை வைத்தார்கள். நகம் அளவுக்கு ஜன்னல்கள், பஞ்சில் செய்த மரங்கள்.

விடுமுறையில் மகளைக் கூட்டி வந்து அதைக் காட்டினார். நானும் போயிருந்தேன். பெண்ணுக்கு அப்போது எட்டு வயது இருக்கும், முன்பல் விழுந்திருந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் இரண்டாவது மாடியில் ஓரத்து ஜன்னலில் விரலை வைத்தாள்.

"இதுதான்பா என் ரூம். இங்கேர்ந்து பாத்தா ஸ்கூல் தெரியும். மணி அடிச்சதும் ஓடிடுவேன்."

"எங்கேர்ந்து தெரியும்? நடுவுல தண்ணித் தொட்டி நிக்குது பாரு, மறைக்கும்."

"தெரியும்!"

"தெரியாது."

"தெரியும்பா! நீ குனிஞ்சு பாரு!"

அந்த வளர்ந்த மனிதர் மடிப்புக் கலையக் குனிந்து பார்த்தார். காவலாளி வந்து கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று விரட்டும்வரை சண்டை ஓயவில்லை. ரயிலில் போகும் வழியெல்லாம் அதே சண்டைதானாம். அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு கட்டி, குடிபோய், ஜன்னலுக்குத் திரையும் மாட்டியாகிவிட்டது போல இருந்தார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது வாதம். கூட்டம் போட்டார்கள், ஒத்திவைத்தார்கள், மறுபடி போட்டார்கள். நானும் அண்ணனும் கடையை அடைத்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவோம். ஒருவர் எழுந்து வாகன நெரிசல் என்றார். ஒருவர் தன் தோட்டத்தில் வெயில் விழாது என்றார். ஒரு அம்மாள் அந்தப் பணிமனையில் கூடு கட்டியிருக்கும் பறவைகளை நினைத்துக் குரல் தழுதழுத்தார். அந்தப் பறவைகளை அதற்கு முன் அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் என் கத்தரிக்கோலைத் தானமாகத் தருகிறேன். யாரும் "ஏழைகள் வேண்டாம்" என்று சொல்லவில்லை. அப்படிப் பச்சையாகச் சொல்ல அவர்கள் என்ன படிக்காதவர்களா? "ஊரின் தன்மை" என்றார்கள். எல்லோர் உடம்பிலும் இருந்தது அண்ணன் தேய்த்த சட்டை.

கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் எரிச்சல். பதினேழுக்கு அண்ணன் மேல் உயிர். "நீ இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்பா" என்று தோளில் தட்டுவார். இரவில் அந்தத் தோள் எங்கே சாய்கிறது என்று மட்டும் கேட்டதில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு மரங்கள் பழுப்பாகிவிட்டன. மகளுக்குப் பல் முளைத்து, உயரம் ஏறி, கையில் செருப்போடு ஓடி வருவது நின்றுபோனது.

கடைசியில் இரு தரப்பும் ஒரு சமரசத்துக்கு வந்தன. வெளியூர் ஆட்கள் வந்து குவிந்துவிடாமல் இருக்க, ஏற்கெனவே இந்த ஊர் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வீடு. பதினேழு கொண்டு வந்த திருத்தம் அது. அன்று கூடத்திலேயே பலமாகக் கை தட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். அண்ணன் இங்கேதானே குடியிருக்கிறார்!

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. குடியிருக்கிறார் சரி, எங்கே என்று கேட்டால்? அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம், அதன் பிறகு ஓட்டெடுப்பு. பேசியே தீருவேன் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். நான் சொன்னேன்: "அண்ணே, மைக்குக்குப் போனதும் முகவரி கேப்பாங்க. என் வீட்டு நம்பரைச் சொல்லிடுங்க. தங்கச்சி வீட்ல அண்ணன் இருக்கறது ஊர் உலகத்துல இல்லாததா? நாளைக்கு வீடு கேட்டு மனு எழுதிப் போடவும் அதுவே உதவும்."

"சரிம்மா" என்றார். அந்த வாரம் முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டு நம்பரை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை போல.

கூட்டத்தன்று இரண்டு கால்சட்டைகளில் நல்லதைப் போட்டு வந்திருந்தார். அவர் முறை வந்தது. நடந்துபோய் மைக்கின் முன்னால் நின்றார். நகரசபைத் தலைவர் நிமிராமலே கேட்டார்: "முகவரி?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். தன் வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் தானே கேட்ட கேள்வி அது. கேட்டவுடன் ஒருவர்கூட அவரிடம் பொய் நம்பர் சொன்னதில்லை. சொன்னால் துணி எப்படி வீடு போய்ச் சேரும்? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல அவருக்குப் பழக்கமே இல்லை.

"சலவைக் கடைங்க. பின் ரூம்" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஒரே பொண்ணுங்க. அக்கா வீட்ல வளர்றா. ராத்திரி அவ தூங்கறதை நான் பாத்ததில்ல. காலைல எழுப்பினதில்ல. உங்க துணியெல்லாம் உங்க வீடு வந்து சேருது, நான் சேத்துட்டுதான் இருக்கேன். எம் பொண்ணும் வீடு வந்து சேரணும். வேற ஒண்ணும் இல்லீங்க."

பறவை அம்மாள் கண்ணைத் துடைத்தார். பதினேழு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், அதுவும் அண்ணன் மடித்துக் கொடுத்ததுதான். ஓட்டெடுப்பில் திட்டம் தேறியது. எல்லோரும் வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உங்க பேச்சுதான் காரணம்" என்றார்கள். அவர் நடைபாதையில் நின்றுகொண்டே மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, கிடைச்சிடுச்சுடா!" என்று கத்தினார். போனே தேவையில்லை, அந்த ஊருக்கே கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் சுகாதார அதிகாரி வந்து பின் அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார். பொதுக்கூட்டத்தில் சொன்ன விஷயம், கேட்காத மாதிரி இருக்க முடியாதாம். முதலாளி, "ஐயோ, எனக்குத் தெரியவே தெரியாது" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு ரயில் பாதைக்கு அப்பால், எல்லைக்கு வெளியே, பல பேரோடு பங்கு போட்ட ஓர் அறைக்குப் போனார். அப்போதும் முகத்தில் தெம்பு இருந்தது. "கொஞ்ச நாள்தானேம்மா, கட்டி முடிச்சிடுவாங்க" என்றார்.

வீடு கேட்டு மனு எழுதிப் போட்டார். நகரசபையிலிருந்து கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல பெண். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க பேசினப்ப நான் அங்கதான் இருந்தேன். அழுதுட்டேன்." பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா குடியிருக்கக் கூடாத இடத்துல இருந்ததைக் குடியிருப்புன்னு எடுத்துக்க மாட்டாங்க சார். இப்போ இருக்கற இடமும் எல்லைக்கு வெளியே."

"அவர் எங்க வீட்லதான் இருந்தார்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அம்மா, அவரே மைக்ல சொல்லிட்டாரே" என்றாள் அவள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் இருந்தது, வீடுதான் இல்லை. ஒரே ஒரு பொய். ஒரு நம்பர். அதைச் சொல்லியிருந்தால் மனிதர் இன்று மகளோடு இருந்திருப்பார். அவரைத் திட்டலாம் என்றாலும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லப் போனார். திங்கட்கிழமை வந்து எப்போதும் போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தடுப்பைத் தட்டிக் கேட்டேன்.

"என்னண்ணே, அழுதாளா?"

"அழுதிருந்தா பரவாயில்லையேம்மா. 'விடுங்கப்பா, எனக்கு அத்தை வீடே பழகிடுச்சு'ன்னா. எனக்கு ஆறுதல் சொல்றா." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பெரிய மனுஷி ஆயிட்டாம்மா. நான் பாக்காமலே."

கட்டடம் எழும்பியது. சொன்னபடியே அழகாகத்தான் இருந்தது. உள்ளூர்க்காரர்களின் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று குடி வந்தார்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும்தான், அவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. இருந்தாலும் அந்தத் தெரு வழியாகப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஓர் இளம் தாய் துணிக் கட்டோடு சலவைக் கடைக்கு வந்தாள். நான் கால்சட்டை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டு நம்பர்?" என்றார் அண்ணன்.

"பணிமனை பில்டிங்ணா. நம்பர் பலகை இன்னும் மாட்டல. ரெண்டாவது மாடி, ஓரத்து வீடு. இது பாப்பா ரூம் ஜன்னல் திரை."

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. நான் மெஷினை நிறுத்தினேன்.

"அந்த ஜன்னல்லேர்ந்து ஸ்கூல் தெரியுதாம்மா?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லாத் தெரியுதே. ஏண்ணா கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா. நடுவுல தண்ணித் தொட்டி இருக்கேன்னு கேட்டேன்."

அவள் போன பிறகு அந்தத் திரையை வேறு எந்தத் துணியையும் விட அதிக நேரம் தேய்த்தார். மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். பிறகு போனை எடுத்தார். தடுப்பு மெல்லிய பலகை, காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"கண்ணு, நீ சொன்னதுதான்டா சரி. அந்த ஜன்னல்லேர்ந்து ஸ்கூல் தெரியுதாம்."

மறுமுனையில் அவள் எதையோ கேட்டாள். எந்த ஜன்னல் என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணன் விளக்கவில்லை.

"ஒண்ணும் இல்லடா. நீ படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.