மாப் கேட்க வந்த கேப்டன்

கொழும்பில் ஒரு கம்பனியின் அணிக்குச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவன் நான். அணியின் கேப்டன் றிஸ்வியும் எங்கள் கல்முனைக்குடிதான். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடிய ஓர் இறுதிப் போட்டியில் என் முழங்கால் போனது. அன்றிலிருந்து காலை மடக்க முடியாமல், பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். அல்லாஹ்வின் நாட்டம் என்று மனதைத் தேற்றியிருந்தேன்.

போன வருடம் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன், எல்லோரையும் போல றிஸ்வியும் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டு வந்தான்.

"மச்சான், ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப் செய்டா."

"ஓம்டா, மாப் செஞ்சிட்டன். மக்காவுல எனக்கும் துஆ செய்" என்றேன். எல்லோரும் வழக்கமாகச் சொல்வதுதானே.

பெருமூச்சு விட்டான். "பைனலுக்கு முதல் டொக்டர் என்னட்டச் சொன்னவர், நீ ஆடினா கால் போயிரும் எண்டு. நீ இல்லாட்டித் தோத்துருவம் எண்டு மறைச்சிட்டன்."

மாப்பை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சொல்கிறான்! தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். அதைக் குடித்து, என்னைக் கட்டித் தழுவி, பாரம் இறங்கியவனாய்ப் போனான்.

இப்போது அந்த ஹாஜியார் முன்வரிசையில் தொழுகிறார். எல்லோரும் சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது, கதிரையில் இருக்கும் நான் சிரமமில்லாமல் மடங்கும் அவனுடைய முழங்கால்களைத்தான் பார்க்கிறேன். கொடுத்த மாப் கொடுத்ததுதான். ஆனால் அந்தக் கணத்தில் ஓத வேண்டியது எனக்கு மறந்துபோகிறது.