ஆணியில் தொங்கிய கோப்பை

எங்கள் வீட்டில் உடையாத கோப்பைகள் முப்பத்தாறு இருந்தன. சோறு தின்னும் தட்டைத்தான் எங்கள் பக்கத்தில் கோப்பை என்போம். என் வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து கப்பலில் அனுப்பிய பெட்டியில் வந்தவை அவை. பால்வெள்ளைக் கண்ணாடி, ஓரத்தில் ஊதாப் பூக்கொடி. பெட்டியின் நாலு பக்கமும் 'உடையாது' என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. லீவில் வந்து நின்ற நாற்பது நாளும் மனுசன் அந்த ஒரு சொல்லைத்தான் ஊருக்கு வாசித்துக் காட்டினார்.

யார் வந்தாலும் சரி, தேத்தண்ணி கொடுக்க முன்னரே அலுமாரியைத் திறப்பார். ஒரு கோப்பையை எடுத்து முழங்கால் உயரத்தில் பிடித்துச் சீமெந்துத் தரையில் போடுவார். அது டங்கென்று துள்ளிச் சுழன்று அடங்கும். "பாத்தீங்களா?" என்பார். வந்தவர்களும் பாவம், "ஓமோம்" என்பார்கள். கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவர், கரன்ட் பில் தர வந்தவர், எல்லாருக்கும் இந்தக் கூத்து நடந்தது. ஆறு வருசம் பாலைவன வெயிலில் வெந்து ஒரு ஆம்பிளை படித்துக்கொண்டு வந்த வித்தை இதுதான் என்று நான் சமையல் குசினிக்குள் நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒருநாள் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து அதிபர் வந்திருந்தார். இவர் போட்டார். கோப்பை உடையவில்லை, வெடித்தது. பருப்பளவு துண்டுகள் அதிபரின் சப்பாத்துக்குள்ளும் போயின. இவருடைய முகத்தில் ஈயாடவில்லை. "கோணலா விழுந்திட்டு" என்றார், கோப்பைக்கு விழத் தெரியவில்லை என்பது போல. அடுத்த பொங்கலுக்கு வீடு கூட்டும்போதும் அந்தத் துண்டுகள் வந்தன. மிச்சம் முப்பத்தைந்தும் அன்றைக்கே அலுமாரிக்குள் போய்ப் பூட்டும் விழுந்தது. உடையாது என்று கொண்டுவந்த கோப்பையை உடைந்துவிடும் என்று பூட்டி வைத்த குடும்பம் எங்களுடையது.

நாங்கள் தின்றது மெலமைன் கோப்பைகளில். மண்டூர்த் திருவிழாக் கடையில் அம்மா வாங்கியவை. வாங்கும்போது நடுவில் ரோசாப்பூ இருந்தது. சோறு குழைக்கும் விரல்கள் தேய்த்துத் தேய்த்து என்னுடைய கோப்பையில் ரோசாவின் காம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒவ்வொருவரும் கறியை எந்தப் பக்கம் விட்டுக்கொள்வோம் என்பதைக் கோப்பையின் மஞ்சளே சொல்லும். கீறல்களுக்குள் கறுப்பு ஏறி, கிழட்டுப் பல்லின் நிறம் வந்துவிட்டது. எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அலுமாரிக்குள் முப்பத்தைந்து வெள்ளைக் கோப்பைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, ஒரு ரீச்சரும் அவளுடைய தாயும் இந்த அசிங்கத்தில் தின்றோம்.

மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. அது ஒரேயொரு கோப்பை. நீலக் கரை வைத்த வெள்ளை எனாமல். நான் பிறக்க முன்னர் வாங்கியதாம். விழுந்து விழுந்து எனாமல் தெறித்த இடமெல்லாம் கறுப்புத் தகரம் தெரியும். விளிம்பில் ஒரு துளை. அந்தத் துளையால் மாட்டி, குசினிக்கு வெளியே கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்போம். மழையும் வெயிலும் அதற்குத்தான். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவளின் கோப்பை அது.

அவள் விடிய வந்து முற்றம் கூட்டி, கோப்பை சட்டி கழுவி, உடுப்புத் தோய்த்து, மத்தியானம் தின்றுவிட்டுப் போவாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் என்னை ரீச்சர் என்பாள். சோறு வாங்கக் கோப்பையை அவளே ஆணியிலிருந்து எடுத்து நீட்டுவாள். பின்படியில் இருந்து தின்பாள். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அவளே திரும்ப மாட்டுவாள். எங்கள் கோப்பைகளும் அவள் கையால்தான் சுத்தமாகின. சித்திரை வருசத்துக்கு அலுமாரிக் கோப்பைகளையெல்லாம் இறக்கிக் கழுவித் துடைத்து அடுக்குவதும் அவள்தான். அவள் கழுவிய கோப்பையில் நாங்கள் தின்னலாம். அவள் தின்ற கோப்பையில் தின்னக்கூடாது. இந்தக் கேடுகெட்ட கணக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கு வாய் நல்ல நீளம். ஒன்பதாம் வகுப்புக்குக் குடியியல் படிப்பிக்கிறவள் நான். சமத்துவம் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை பிடிப்பேன். "இது வெக்கங்கெட்ட வேலை அம்மா. அவளுக்கும் உள்ளுக்க இருக்கிற கோப்பையில குடுத்தா என்ன?"

"அவள் கேட்டவளா? நீ ஏன் கிடந்து துள்ளுறாய்?" என்பார் அம்மா.

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. காணி உறுதியில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் குசினி அம்மாவுடையது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, கை கழுவிவிட்டுத் தின்னப் போய்விடுவேன். அம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது இந்த ஒரு விசயத்தில்தான். எவ்வளவு கோயில், எவ்வளவு விரதம், மனம் மட்டும் இவ்வளவு சின்னன் என்று உள்ளுக்குள் காறித் துப்புவேன்.

பிறகு அந்த மார்கழி மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட்டும் வாவித் தண்ணீர் வடியவில்லை. வயல்வட்டை எது வாவி எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். விடியப் பார்த்தால் எங்கள் மூன்றாம் படியில் தண்ணீர். இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து அவள் வேலைக்கு வந்தாள், அம்மா இந்த வெள்ளத்தில் என்ன செய்வாரோ என்று.

கட்டாரிலிருந்து போன் வந்தது. இவர் கேட்ட முதல் கேள்வி, "கோப்பைச் செற் எங்க கிடக்கு? முதல் அத மேல ஏத்துங்க." மாமி எப்படி, நீ எப்படி என்ற பேச்சே இல்லை. தூ என்று போனை வைத்தேன். வைத்துவிட்டு என்ன செய்தேன்? செற்றைத்தான் ஏற்றினேன். இரண்டு மணித்தியாலம் மூன்று பெண்கள் நின்று முப்பத்தைந்து கோப்பைகளையும் சேலைகளில் சுற்றினோம். அம்மாவின் கூறைச்சேலையும் போனது. அவள் கீழே நின்று ஒவ்வொன்றாக நீட்ட, நான் மேசையில் ஏறிப் பரணில் அடுக்கினேன். அதற்குள் குசினிக்குள் தண்ணீர் புகுந்து மெலமைன் கோப்பைகள் பின்கதவால் மிதந்து போய்விட்டன. போனால் போகட்டும் என்றேன்.

காணி உறுதி, அடையாள அட்டை, நகை, அம்மாவின் சீனி வருத்தக் குளிசை எல்லாம் பையில் போட்டாயிற்று. வெளியே இறங்கும்போது அவள் கிணற்றடியில் நின்றாள்.

"அம்மா, என்ட கோப்பைய எடுத்துக்குப் போறன்."

"எடுத்துக்குப் போ. அது ஒண்டுக்கும் உதவாத சாமான்" என்றார் அம்மா.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் ஊர் முழுக்க வந்து ஏறியது. என் வகுப்பறையிலேயே பாயை விரித்தோம். ஊர் ஆட்கள் மூன்று கல் வைத்துக் கிடாரத்தில் சோறும் பருப்பும் ஆக்கினார்கள். மத்தியானம் தாண்டி அகப்பையால் கிடாரத்தில் தட்டி ஒருவர் கத்தினார்: "கோப்பை கொண்டாந்த ஆக்கள் வரிசையில வாங்க! சோறு போட லஞ்ச் சீற் தாள் இல்ல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து கோப்பைகளைக் காப்பாற்றிய நாங்கள் தின்ன ஒரு கோப்பை கொண்டுவரவில்லை. எங்கள் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கொரு கோப்பையோடு வரிசையில் நிற்க, பெரிய வீட்டு அம்மாவும் ரீச்சரும் வெறுங்கையோடு சுவரில் சாய்ந்திருந்தோம். புத்தி என்பது மருந்துக்கும் இல்லாத சனம் நாங்கள்.

வீட்டில் தின்னலாம் என்ற நினைப்பில் அம்மா விடியவே குளிசையைப் போட்டுவிட்டார். தின்னவில்லை. இப்போது நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. விரல்கள் நடுங்கின. சீனி இறங்கினால் ஆள் மயங்கிப் போகும், போனால் திரும்பியும் வராமல் விடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை வெள்ளத்துக்குள் கிடந்தது. "ஆரிட்டயும் ஒரு கோப்பை கேட்டு வாறன்" என்று எழும்பினேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"கேக்காத. எனக்குப் பசிக்கல்ல."

சாகிற நேரத்திலும் இந்தத் திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவள் வந்தாள். கையில் அந்த எனாமல் கோப்பை. சோறு ஆவி பறந்தது, மேலே பருப்பு. அம்மா கோப்பையைப் பார்த்தார், அதன் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் குந்தியிருந்து கோப்பையை அம்மாவின் மடியில் வைத்தாள். "நான் இண்டைக்கு இன்னும் இதுல தின்னல்லம்மா. கழுவித்தான் கொண்டாந்தன். முதல் தின்னுங்க, மறுகா கோவிக்கலாம்."

அம்மா தின்றார். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிறகு மூடவில்லை. வழித்துத் தின்றார். இன்னும் கொஞ்சம் என்றார். அவள் போய் வாங்கி வந்தாள். அதன் பிறகு கோப்பையைக் கழுவி வாங்கி நான் தின்றேன். எனக்கும் பசி. அவள் விடியத்திலிருந்து பட்டினி என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டாவதாகத் தின்றேன். கடைசியில் கோப்பைக்கு உடையவள் போனபோது கிடாரத்தில் அடிப்பிடித்த கறுப்புச் சோறுதான் கிடந்தது. பருப்பு முடிந்துவிட்டது. அவள் அதை உப்போடு தின்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தோணியில் சோற்றுப் பார்சல்கள் வரத் தொடங்கின. லஞ்ச் சீற்றிலேயே தின்னலாம். ஆனால் அம்மா அவளைப் பார்த்து, "புள்ள, அந்தக் கோப்பையத் தா. சீற்றில எனக்குக் கை வழுக்குது" என்றார். அவள் தந்துவிட்டுச் சீற்றில் தின்றாள். ஐந்து நாளும் அப்படித்தான். அகதியாக வந்தும் அம்மாவுக்குக் கோப்பை வேண்டிக்கிடக்கு, அதையும் அவளிடமிருந்தே பறிக்க வேண்டிக்கிடக்கு என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்தோம். வீடு முழங்காலளவு சேறு. பரணில் முப்பத்தைந்தும் ஒரு கீறல் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன. இவர் போனில் சந்தோசத்தில் குதித்தார். அவள் விடியத்திலிருந்து மண்வெட்டியால் சேறு வழித்தாள். அவளுடைய கோப்பை பழையபடி ஆணிக்குப் போயிருந்தது.

மத்தியானம் நான் சோறாக்கிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மெலமைன் ஒன்றும் மிஞ்சாதபடியால் பரணிலிருந்து இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை இறக்கி எனக்கும் அம்மாவுக்கும் போட்டேன். அம்மா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் பின்கதவால் போய், ஆணியிலிருந்து எனாமல் கோப்பையை எடுத்து, துடைத்து, சோற்றைப் போட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள்கூட வந்து கோப்பையை நீட்டவில்லை.

"அத இஞ்ச கொண்டா" என்றார் அம்மா.

சோறு கூடிவிட்டது என்று பேசப்போகிறார், நானும் திருப்பிக் கொடுப்போம் என்று பதிலோடு போனேன். அம்மா கோப்பையை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்தார்.

"இது என்ட கோப்பை. பள்ளிக்கூடத்தில எனக்கு உசிர் குடுத்த கோப்பை. அவளுக்கு எனக்குப் போட்டதக் குடு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் இத்தனை வருசம் அம்மாவைப் பார்த்த பார்வை. "ரீச்சராம் ரீச்சர். வாய் மட்டும் கிடக்கு."

கண்ணாடிக் கோப்பையை எடுத்துப் போய் அவளிடம் நீட்டினேன். அவள் சேற்றுக் கையைக் கழுவி வந்து வாங்கினாள். தலைக்கு மேலே தூக்கி அதன் அடியைப் பார்த்தாள்.

"இந்தா, இந்தக் கீறல் போன சித்திரையில நான் கழுவக்குள்ள பட்டது. பயத்தில சொல்லல்ல" என்றாள். முப்பத்தைந்தும் கீறலில்லாதவை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இன்னும் என்னை விடவில்லை. "இருவது வரிசமா என்னோட சண்டை. கை எங்க போகுதெண்டு பார்!"

பின்படியில் போய் இருந்த அவள், சோற்றில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். எனக்காகத்தான் பேசினாள், நல்ல மனதோடுதான் பேசினாள்.

"விடுங்கம்மா. ரீச்சர் என்ன செய்வா? அது கைப்பழக்கம்."

அதற்குப் பதில் அவள் என் முகத்தில் துப்பியிருக்கலாம்.