பாலத்துக்கு அடியில் மேவிஸ்

மேவிஸ் பத்தொன்பது வருடம் தன் சொந்த வீட்டில் குனிந்துதான் கழிப்பறைக்குப் போனாள். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

டார்பிஷர் மலைச்சரிவில், எங்கள் தெருவின் கடைசியில் இருக்கும் மாடியில்லாத வீடு அது. முன்பக்கம் படுக்கையறை, கூடம், சமையலறை. பின்பக்கம் ஒரு நடை, அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சிறிய அறைகள், கோடியில் கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை. அந்த இரண்டு சிறிய அறைகளிலும் அவள் கணவன் டெஸ்மண்டின் பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, அதனால் சொல்கிறேன். வலது அறையில் ஊர், சந்தை, சுரங்கப்பாதை, ஸ்டேஷன். இடது அறையில் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் தண்டவாளங்கள். ஓர் அறையிலிருந்து மற்றதற்கு வண்டி போக வேண்டுமே. சுவர்களில் ஓட்டை போட்டு, நடைக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினான். ஏழு வளைவு. தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். பசை போட்டு, திருகாணி முடுக்கி, நிரந்தரமாக.

"இந்தக் குளிர்காலத்துக்குள்ள அதைத் தூக்கி வைக்கிற மாதிரி பண்ணிடறேன்" என்று வீடு மாறிய முதல் வருடம் சொன்னான். பிறகு அது முடியாது என்று கண்டுபிடித்தான். தண்டவாளம் ஒரு மயிரிழை விலகினாலும் வண்டி கவிழ்ந்துவிடுமாம். மேவிஸ் தன் முழங்கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்றாள்.

மேவிஸ் பதினைந்து வயதில் காலுறை ஆலைக்கு வேலைக்குப் போனவள். அதற்கு ஒரு வருடம் முன்பே தேவாலயக் கோபுரத்தில் மணியடிக்கத் தொடங்கிவிட்டாள். ஆறு மணிகள், ஆறு கயிறுகள், ஆறு பேர். எங்கள் மணிகளில் பாட்டு வராது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாறும். கையில் காகிதம் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. நடத்துபவர் ஒருவர் அடித்துக்கொண்டே கட்டளை சொல்வார். இருபத்தாறு வயதிலிருந்து மேவிஸ்தான் நடத்தினாள். இரண்டாம் மணி என்னுடையது. நான் தடுமாறினால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், என் இடம் எனக்குத் தெரிந்துவிடும். அவள் "நில்" என்றால் அரை டன் வெண்கலம் தலைக்கு மேல் அசையாமல் நிற்கும். வீட்டில் அவள் அந்தக் குரலில் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

டெஸ்மண்ட் நகராட்சியில் வரைபடம் வரைந்தவன். கத்தமாட்டான், கை ஓங்கமாட்டான். "அவன் குடிக்கறதில்ல, பந்தயம் கட்டறதில்ல, எந்த நேரமும் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்பாள் மேவிஸ். இதே வார்த்தைகளை இந்த ஊரில் முப்பது பெண்களாவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்யாத தப்புகளுக்குக் கூலியாக ஒரு மனிதனுக்கு எத்தனை அறை கொடுப்பது? மேவிஸ் இரண்டும் கொடுத்தாள், நடையையும் கொடுத்தாள். போதாததற்கு, அவனுடைய ஸ்டேஷனில் நிற்கும் நகத்தளவுப் பயணிகள் நானூறு பேருக்கும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அவளே வர்ணம் பூசினாள். அவன் ஒருமுறைகூடக் கோபுரம் ஏறவில்லை. முழங்கால் வலியாம். பலகைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து மணிக்கணக்கில் கம்பி இணைப்பதற்கு அந்த முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தாறாம் வருடம், பழைய வீட்டில் இருந்தபோதே, அவனுடைய நண்பர்கள் இருவர் வாரம் ஒருநாள் வந்து ரயில் ஓட்டத் தொடங்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருடக் கால அட்டவணைப்படி ஒரு நாள் முழுவதற்குமான வண்டிகளையும் மூன்று மணி நேரத்தில் ஓட்டுவார்கள். அவர்களுக்கு ஒழிந்த நாள் வியாழன் மாலை. எங்கள் கோபுரத்தில் பயிற்சி நாளும் வியாழன் மாலைதான், அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே. நடுவில் டீயும் சாண்ட்விச்சும் கொடுக்க ஆள் வேண்டும். மேவிஸ் மேலே வந்து கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். "கொஞ்ச நாளைக்குத்தான், ஹேசல்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு ஒரு நண்பன் செத்தான், மற்றவன் மகள் வீட்டோடு போய்விட்டான். டெஸ்மண்ட் தனியாக வியாழக்கிழமைதான் ஓட்டினான். வேறு நாளுக்கு மாற்றலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். வயது எழுபத்தேழு. ஐந்தரை மணிக்கு நடையில் கால்மிதி தடுக்கி விழுந்தாள் என்று டெஸ்மண்ட் ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னான், ஆஸ்பத்திரியிலும் அப்படியே பதிவானது.

அறுவை நன்றாக நடந்தது. மூன்றாம் வாரம் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நானும் போனேன். அந்தப் பெண் அளவு நாடாவைக் கையில் வைத்தபடி பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை எடுக்க முடியும்தானே, சார்?"

"முடியாதும்மா" என்றான் டெஸ்மண்ட், வருத்தமாக, பணிவாக. "ஏழு வளைவும் ஒரே அமைப்பு."

அப்படியானால் மேவிஸ் இந்த வீட்டுக்கு வர முடியாது என்றாள் அவள். நடைச்சட்டத்தோடு யாரும் குனிய முடியாது. படுக்கையருகே கழிப்பு நாற்காலி வைத்தாலும் குளிக்க வழியில்லை. பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது, ஆறு வாரம் அங்கே இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றாள்.

"ஆறு வாரம்தானே" என்றான் டெஸ்மண்ட். முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி.

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி நடக்க வைத்தவள் நான். ஆறு வாரம் என்று போனவர்களின் துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்ததும் நான்தான். அந்த வயதில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தால் கால் மறந்துவிடும். கால் மறந்தால் வீடு கிடையாது. இதை அவனிடம் அப்படியே சொன்னேன்.

"நீ எப்பவும் மோசமானதையே பேசற, ஹேசல்" என்றான். "நான் வாராவாரம் போய்ப் பார்ப்பேன். வியாழன் தவிர எந்த நாள்னாலும்."

நடையை அளக்க வாங்கியிருந்த அளவு நாடாவை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வைத்திருந்தால் அவன்மீது எறிந்திருப்பேன்.

அந்தப் பெண் போன பிறகு மேவிஸின் இரவு உடுப்பையும் கண்ணாடியையும் எடுக்க நானும் அந்தப் பாலத்துக்கு அடியில் குனிந்து குளியலறைப் பக்கம் போனேன். பாலத்தை ஒட்டி ஒரு சிறு பலகைத்தட்டு, அதில் அவனுடைய ஓட்டப் பதிவேடு. ஒவ்வொரு வியாழனும் எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், ஏன் என்று பென்சிலால் எழுதி வைப்பான். அது திறந்தே கிடந்தது. கடைசி நாள் அவள் விழுந்த நாள். அவன் கையெழுத்து வரைபடக்காரன் கையெழுத்து, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

"5.12. நிலக்கரி வண்டி. பாலத்தில் அதிர்வு, இரண்டு பெட்டிகள் தடம் புரண்டன. காரணம்: நடையில் தடை. 5.29. பாதை சரி செய்யப்பட்டது. 5.31. ஓட்டம் ரத்து."

இரண்டு முறை படித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது, 5.31. பாலத்தில் இடித்து விழுந்து, பத்தொன்பது நிமிடம் அவள் கீழே கிடந்திருக்கிறாள். அவன் மேலே பெட்டிகளைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். கால்மிதி என்று ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவனுக்கு இந்தப் புத்தகத்தில் பொய் எழுத வரவில்லை.

பதிவேட்டை இரவு உடுப்புக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"நான்தான் சொன்னேன், முதல்ல பெட்டியை ஏத்துன்னு" என்றாள் மேவிஸ். "எனக்கு ஒண்ணுமில்ல, மூச்சுதான் வாங்குதுன்னு நெனச்சேன். கீழ விழுந்திருந்தா உடைஞ்சிருக்கும், பாவம்."

"நீதான் உடைஞ்ச."

"அது அப்ப தெரியாதே."

அவனைவிட அவள்மேல்தான் எனக்கு அப்போது கோபம். முதியோர் இல்லம், ஆறு வாரம், அவன் முகத்தில் தெரிந்த நிம்மதி, எதையும் மறைக்காமல் சொன்னேன். வியாழன் தவிர வருவானாம் என்றும் சொன்னேன். அவள் காதில் அது எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. விரலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தடைன்னு எழுதியிருக்கான்" என்றாள். "என்னையா சொல்றான்?"

மறுநாள் பார்வை நேரத்தில் டெஸ்மண்ட் திராட்சைப் பழத்தோடு வந்தான். அந்த இல்லத்தில் தோட்டம் இருக்கிறது, ஜன்னலிலிருந்து பழைய ரயில் பாதை தெரியும் என்று பேசிக்கொண்டே போனான். மேவிஸ் தலையணையில் சாய்ந்தபடி அவனைப் பார்த்தாள்.

"நில்" என்றாள்.

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் கேட்காத குரல். எதிர்க் கட்டிலில் ஸ்பூன் நின்றது. டெஸ்மண்ட் வாய் திறந்தபடி நின்றான்.

"வெள்ளிக்கிழமை நான் வெளிய வர்றேன். அந்தப் பாலம் அங்க இருந்தா ஹேசல் வீட்டுக்குப் போறேன். போனா போனதுதான், டெஸ். நீ வாராவாரம் அங்க வரலாம். வியாழக்கிழமை மட்டும் வராத, அன்னிக்கு நான் வேலையா இருப்பேன்."

"மேவிஸ், அது பதினோரு மாச வேலை."

"நான் எத்தனை மாச வேலை?"

அவன் திராட்சையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்று செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை மாலை நான் அளவு நாடாவோடு போனேன். பாலம் நடுவில் இல்லை. ஒரு பக்கச் சுவரோடு கீல் வைத்து, கதவுபோல மேலே தூக்கி மாட்டியிருந்தான். மறு பக்கத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், அதில் ஒரு பித்தளை முளை. முளையைச் செருகினால் பாலம் தன் இடத்தில் உட்காரும், எடுத்தால் தூக்கலாம். நடை முழுதாக மூன்றடி, தடையில்லாமல். இறக்கிக் காட்டினான், வண்டி ஓட்டியும் காட்டினான். ஒரு சக்கரம்கூட ஆடவில்லை.

"நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றான்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு மத்தியானம்."

ஆணிக்கடையில் வாங்கிய இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள், இரண்டு மத்தியானம். பத்தொன்பது வருடம். அங்கேயே நின்றிருந்தால் அந்தப் பாலத்தை நானே மிதித்திருப்பேன், அதனால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேவிஸ் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நடைச்சட்டத்தோடு நேராகப் பின்பக்கம் போனாள். தூக்கி மாட்டிய பாலத்துக்குப் பக்கத்தில் நின்று கீலைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தபடியே குளியலறைக்குப் போனாள், கதவைச் சாத்தினாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. கீழே விழுந்துவிட்டாளோ என்று தட்டினேன். "உக்காந்திருக்கேன், விடு" என்றாள்.

வெளியே வந்ததும் எத்தனை நாள் ஆனது என்று அவளும் கேட்டாள். அவன் அதே பதிலைச் சொன்னான், இந்த முறை தரையைப் பார்த்து.

என் பையில் இருந்த பதிவேட்டை வாங்கி அவன் முன் நீட்டினாள். அவன் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"பேனாவுல" என்றாள்.

தடை என்ற சொல்லை அடித்துவிட்டு, 'மேவிஸ், என் மனைவி, இடுப்பு எலும்பு முறிவு' என்று எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. அந்தப் புத்தகத்தில் கோணலான வரி அது ஒன்றுதான். வருந்துகிறேன் என்றும் சொன்னான். அவள் டீ போடச் சொன்னாள்.

கோபுரத்துக்கு ஐம்பத்தொரு படி. அவளால் இனி ஏற முடியாது. முப்பது வருடம் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. அதற்கு யாரும் கீல் வைக்க முடியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறுவதில்லை. அவளுக்கும் ஆறவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஏனென்றால் அந்தப் பித்தளை முளை அவளுடைய நடைச்சட்டப் பையில் இருக்கிறது. ரயில் ஓட வேண்டுமென்றால் டெஸ்மண்ட் வந்து கேட்க வேண்டும். வியாழன் மாலை அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏழு மணிப் பயிற்சியைக் கேட்கிறாள். யார் எந்தச் சுற்றில் பிந்தினார்கள் என்று மறுநாள் எனக்குச் சொல்கிறாள். மணி ஓயும்வரை முளை கிடையாது, அது இருவருக்குள்ளும் பேசி முடிவானது.

போன வியாழன் பயிற்சி முடிந்து நான் அங்கே போனேன். மணி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. டெஸ்மண்ட் நடையில் காத்து நின்றான்.

"கொடுத்துடேன், மேவிஸ்" என்றேன் நான்.

"கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கலாம்" என்றாள் அவள், எழுந்திருக்காமல்.