இருபது பெட்டி ராட்டினம்

நகரத்தின் நடுவே இருந்த அந்தப் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் வாசலிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக் குட்டி ரயில் பக்கம் இழுக்கும். மறு கட்சி ராட்டினத்தின் பக்கம். கண்ணாடி அறை, வாத்துப் படகு, மோதும் கார் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ராட்டினத்தை ஓட்டியவள் நாற்பத்தொரு வயதுக்காரி. கட்டைக் குரல், அகலமான கை. பிள்ளைகளும் பெரியவர்களும் அவளை ராட்டினக்கா என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

பூங்காவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் அவள் உருளைக்கிழங்கு, வெங்காயம் மொத்தமாக இறங்கும் கிடங்கில் வேலை பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கிடங்கை மூடியபோது பூங்காவின் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வந்தாள். ராட்டினம் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனதும், நேராக மேனேஜர் அறைக்குப் போய், "அந்த வேலைய எனக்குக் குடுங்க சார்" என்று கேட்டாள்.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் இரண்டு நாள் யோசிப்பவர். "அது பெரிய மெஷினும்மா. உனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

"வாங்க, காட்டுறேன்."

ராட்டினத்தில் இருபது பெட்டிகள். ஆட்களை ஏற்றுகிறவர்கள் வரிசையில் வந்தபடி ஏற்றினால் ஒரு பக்கம் கனத்துப்போகும். சக்கரம் கனத்த பக்கத்தை மேலே தூக்கும்போது மோட்டார் முக்கும், கீழே வரும்போது தடதடவென்று ஓடும். மோட்டாரின் பெட்டியில் ஒரு சின்ன முள் உண்டு. அது எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு மோட்டார் திணறுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க ஒண்ணுல ஏறுங்க. அக்கா, நீங்க பிள்ளைங்களோட பதினொண்ணு. சார், உங்களுக்குத் தனிப்பெட்டி."

"எனக்கு மட்டும் ஏன் தனி?" என்றார் தொப்பையைத் தடவியபடி அந்த சார்.

"மரியாதைதான் சார்."

சக்கரம் சுற்றியது. முள் தூங்குவதுபோல ஒரே இடத்தில் கிடந்தது. மேனேஜர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டு நாள் யோசிக்காமல் அன்றைக்கே வேலையைக் கொடுத்தார்.

அதிலிருந்து எட்டு வருடம். அவள் கணவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு பிரேக், பெல்ட், எடை என்றுதான் போகும். "மத்த வீட்டுல குடும்பம் நடத்துறாங்க, நம்ம வீட்டுல ஒர்க் ஷாப் நடத்துறாங்க" என்று அவர்களுடைய மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள். பகல் மூன்று மணி. குட்டி ரயிலுக்கு வரிசை கழிவறை வரைக்கும் நீண்டிருந்தது. ராட்டினத்தின் இருபது பெட்டியும் நிறைந்து, நான்காவது சுற்று போய்க்கொண்டிருந்தது. அப்போது பூங்கா முழுக்க மின்சாரம் நின்றது. குட்டி ரயில் பாதி வழியில் நின்றது. மோதும் கார்கள் மோதாமல் நின்றன. அங்கெல்லாம் காலைக் கீழே வைத்து இறங்கி வந்துவிடலாம். ராட்டினத்தில் முடியாது. மின்சாரம் போனதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது. நாலாம் நம்பர் பெட்டி அடியில், இறங்கும் மேடைக்கு நேராக நின்றது. பதினாலாம் நம்பர் உச்சியில்.

ஜெனரேட்டரைப் போடச் சொல்லி ஆள் ஓடினான். அது இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டார்கள். விடுமுறைக் கூட்டத்தில் சாலை அடைத்துக் கிடப்பதாகவும், வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றும் பதில் வந்தது.

ராட்டினக்கா நாலாம் நம்பரில் இருந்தவர்களை இறக்கிவிட்டு, பேட்டரியில் ஓடும் கைமைக்கை எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க. கரண்டுதான் போயிருக்கு, சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகல. யாரும் எழுந்து நிக்காதீங்க. கதவத் தொடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்."

ஏறக்குறைய எல்லோரும் கேட்டார்கள். பதினாலாம் நம்பரில் இருந்த ஓர் அப்பாவுக்கு மட்டும் காது அடைத்துவிட்டது. "இறக்குங்க! உடனே இறக்குங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றார். உச்சியில் பெட்டி ஊஞ்சலாக ஆடியது. அவருக்குப் பக்கத்தில் ஆறு வயது மகள், இரட்டைச் சடையோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவர் கை கதவின் தாழ்ப்பாளைத் தேடுவது கீழே இருந்தே தெரிந்தது.

"பாப்பா, பதினாலாம் நம்பர் பாப்பா!" என்றாள் ராட்டினக்கா. "உனக்கு ஒரு வேலை தர்றேன். செய்வியா?"

மேலேயிருந்து சன்னமாக, "என்ன வேலை?" என்று குரல் வந்தது.

"அப்பா சட்டையப் பிடிச்சு உட்கார வை. அவரு மறுபடி எழுந்தா எனக்குச் சொல்லணும். நீதான் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு."

சட்டை இழுபட்டது. அப்பா உட்கார்ந்தார். "உட்கார்ந்துட்டாரு!" என்று மேலேயிருந்து தகவல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ராட்டினக்கா சிரிக்கவில்லை. பிள்ளை எத்தனை நேரம் அவரைப் பிடித்து வைத்திருக்கும்? வெயில் தகரப் பெட்டிகளைச் சுட ஆரம்பித்திருந்தது. முக்கால் மணி நேரம் என்பது அதிகம். மேனேஜரிடம் வந்தாள். "சார், நான் கையாலயே இறக்கப்போறேன்."

"தீயணைப்பு வரட்டுமே, யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன் சார். மோட்டார் பெல்ட்டக் கழட்டிட்டா சக்கரம் சும்மா சுத்தும். பிரேக்குக்குக் கைநெம்புகோல் இருக்கு. தூக்குனா விடும், இறக்குனா பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியா மேடைக்குக் கொண்டு வந்துடலாம். எதாவது ஆச்சுன்னா நான்தான் செஞ்சேன்னு சொல்லிக்குங்க."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு என்ன வேலை?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவள் அவருடைய பழைய இரண்டு நாள் யோசனைகளையெல்லாம் மன்னித்தாள்.

பெல்ட்டைக் கழற்றினார்கள். அவள் நெம்புகோலை மெல்லத் தூக்கினாள். பிரேக் விட்டது. சக்கரம் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தூக்கினாள். அசையவில்லை. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. காரணம் அவளேதான். இரு பக்கமும் துளி ஏற்றத்தாழ்வு இல்லாமல் அவள் பார்த்துப் பார்த்து ஏற்றிய பாரம், போக ஒரு திசை தெரியாமல் அப்படியே நின்றது.

"கயிறு கொண்டு வாங்க. கீழ நிக்கிற அப்பாமாரெல்லாம் வாங்க. அம்மாமாரும்தான். பலம் இருக்கிறவங்க யாரா இருந்தாலும் வாங்க!"

வலப்பக்கத்துப் பெட்டிகள் கீழே வர வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பொடிப்பிள்ளைகள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். அப்படிச் செய்தால் இடப்பக்கம் இருக்கும் மூன்றாம் நம்பர் பெட்டி, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நின்றாலும், மேலே போய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து கடைசியாகத்தான் இறங்கும். அதில் ஒரு பள்ளி ஆசிரியை தன் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரோடு இருந்தார். ராட்டினக்கா அவரிடம் ஒளிக்கவில்லை.

"டீச்சர், நீங்கதான் கடைசி. தரை இவ்வளவு பக்கத்துல தெரியுதேன்னு யாரும் குதிச்சிடக் கூடாது."

ஆசிரியை பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "எங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வர்றோம், நீங்க பாருங்க" என்றார். பிள்ளைகள் அலறியது ராட்டினத்துக்குப் பயந்து அல்ல.

சக்கரத்தின் வலப்பக்கக் கம்பியில் கயிற்றைக் கட்டிப் பதினைந்து பேர் இழுத்தார்கள். ராட்டினக்கா நெம்புகோலைத் தூக்கினாள். சக்கரம் முனகியது, நகர்ந்தது. ஐந்தாம் நம்பர் மேடைக்கு நேராக வந்ததும் பிரேக்கை இறக்கினாள். ஒரு கை அகலம்கூடத் தள்ளிப் போகவில்லை. மேனேஜர் கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார்.

ஆறாம் நம்பருக்கு இழுக்க வேண்டியிருக்கவில்லை. காலியான பெட்டிகள் இடப்பக்கம் ஏறத் தொடங்கியதால் வலப்பக்கம் கனத்து, சக்கரம் தானாகவே வந்தது. ஏழாம் நம்பருக்கு இன்னும் வேகமாக வந்தது. எட்டாம் நம்பரை நிறுத்தும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாடை அடித்தது. இப்படியே போனால் பாதிச் சக்கரம் காலியாகும் நேரத்தில் பிரேக் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சார், சோதனை ஓட்டத்துக்கு வச்சிருக்கோமே மணல் மூட்டை, அது எல்லாம் இங்க வரணும். இறங்குற பெட்டி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூட்டை ஏத்திடுங்க."

"இறக்குறதுக்குப் பதிலா ஏத்தச் சொல்றியே?" என்றார் மேனேஜர்.

"மனுஷங்களுக்குப் பதிலா மணலு. ஏறுற பக்கம் கொஞ்சம் கனம் இருந்தாத்தான் இறங்குற பக்கம் நிதானமா இறங்கும்."

கயிறு இழுத்தவர்களே மூட்டை தூக்கினார்கள். அவள் ஒவ்வொரு மூட்டையையும் கண்ணால் எடை போட்டாள். "அது ஈரம் ஏறுன மூட்டை, அத ஒண்ணு மட்டும் வைங்க. இதுல ரெண்டு." ஒன்பதாம் நம்பர் நிதானமாக வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வாய்ப்பாட்டுச் சத்தம் இடப்பக்கத்திலிருந்து மேலே மேலே ஏறிப் போனது.

பதினாலாம் நம்பர் வந்து நின்றபோது அந்த அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை; கால் மரத்துப்போயிருந்தது. மகள் அவர் சட்டையை அப்போதும் விடாமல் பிடித்திருந்தாள். இறங்கியதும் ராட்டினக்காவிடம் வந்து, "நாலு தரம் எழுந்தாரு. நான் சொல்லல. பாவம்ல?" என்றாள்.

"அவர கூட்டிப்போய்த் தண்ணி வாங்கிக் குடு" என்றாள் ராட்டினக்கா. அதற்குமேல் பேச நேரமில்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது இரண்டே பெட்டிகள் மிச்சம். அதிகாரி இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, மூட்டைகளைப் பார்த்து, நெம்புகோலில் இருந்த அவள் கையைப் பார்த்தார். ஏணியை இறக்கப்போன ஆட்களைக் கை காட்டி நிறுத்தினார். "நீங்களே முடிங்கம்மா. நாங்க பக்கத்துல நிக்கிறோம்."

கடைசியில் சக்கரம் மறுபடி சோம்பியது. மனிதர்கள் இறங்க இறங்க, ஏறும் பக்கத்து மணல் கனத்துவிட்டது. தீயணைப்பு ஆட்களும் சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். மூன்றாம் நம்பர் வந்து நின்றது. மூன்று பிள்ளைகளும் துள்ளிக் குதித்து இறங்கினார்கள். ஆசிரியை கடைசியாக மேடையில் காலை வைத்தார். ராட்டினக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போனபோது குரல் கட்டிப்போய், வலது தோள் தூக்க முடியாமல் இருந்தது. கணவருக்குச் செய்தி முன்னாலேயே வந்திருந்தது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து அவள் தோளில் வைத்துக்கொண்டே, ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு மூட்டை வச்சது சரி. ஆனா ஒன்பதுலேருந்து மூணு வச்சிருந்தா பிரேக்குக்கு இன்னும் லேசா இருந்திருக்கும்" என்றார்.

"மூணு வச்சிருந்தா பாதியிலயே நின்னிருக்கும்."

"நிக்காது. கணக்குப் போட்டுக் காட்டவா?"

"அம்மாவப் பாராட்டுங்கப்பா முதல்ல!" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"அதத்தானடி பண்றேன்" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்கு அது பாராட்டுதான். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் மூன்று மூட்டையை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ராட்டினத்தைச் சோதித்துப் பார்த்துத் திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று எப்போது, எப்போது என்று நச்சரித்தார்கள். திறப்பதற்கு முந்தைய நாள் அவள் மேனேஜர் அறைக்குப் போய் மூன்று கோரிக்கை வைத்தாள். ராட்டினத்துக்கென்று தனியாக ஒரு புது ஜெனரேட்டர். நெம்புகோலைப் பிடிக்கத் தெரிந்த இன்னொரு ஆள். உட்காருவதற்கு முதுகு சாயும் நாற்காலி ஒன்று.

முதல் இரண்டுக்கும் மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். நாற்காலியைப் பற்றி யோசித்து இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலை அவள் வீட்டிலிருந்தே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, நெம்புகோலுக்குப் பக்கத்தில் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, "வாங்க, முதல்ல யாரு?" என்றாள்.