பல்லில் தண்ணீர் படாமல்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்கள் மலைக்கோயில்களுக்குப் போவது குறைவு. எங்கள் பெருமாள் சமதரையில், காவிரிக்கு நடுவே சயனித்திருக்கிறார். கால் நோகாமல் போய்ச் சேவித்துவிட்டு வரலாம். என் உறையூர் நண்பன் இதைச் சொல்லியே கேலி செய்வான்.

"உங்க பெருமாள் படுத்துக்கிட்டே ஊரை நிர்வாகம் பண்றவரு. நம்ம மேனேஜர் அவர்கிட்டதான் தொழில் கத்துக்கிட்டிருக்கணும்."

திருச்சியில் ஒரே அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேஜைகள். அவன் கோயிலுக்குப் போகாதவன். கல்யாணத்தைக்கூடப் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி முடித்துக்கொண்டவன். நான் நெற்றியில் திருமண் இல்லாமல் அலுவலகம் போனதில்லை. இதற்காக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையன்று, முசிறிப் பக்கத்து மலை ஒன்றில் நாங்கள் ஏறியது அவன் பொருட்டு. அந்த வருஷம் ஆனியில் அவன் மனைவி டைபாய்டில் படுத்தாள். பிழைப்பது சந்தேகம் என்றிருந்த நிலையில் அவன் அம்மா வேண்டிக்கொண்டார்: மருமகள் எழுந்து நடந்தால், புரட்டாசிச் சனிக்கிழமையில் மகன் பல்லில் தண்ணீர் படாமல் மலை ஏறி, உச்சியிலுள்ள பெருமாள் கோயிலை வெளிப்புறமாகச் சுற்றி வருவான்.

மருமகள் எழுந்து நடந்தாள். அவன் டாக்டருக்கு நன்றி சொன்னான். அம்மா அவனோடு வாதம் செய்யவில்லை. வேண்டுதல் முடிகிற வரை தனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அந்த அம்மாளின் கழுத்தெலும்புகள் தெரிய ஆரம்பித்தன. மருமகள் அழுதாள், டாக்டர் கோபித்துக்கொண்டார், ஒன்றும் நடக்கவில்லை.

"பெருமாளும் டாக்டரும் சேர்ந்து வந்து சொன்னாலும் அவங்க சாப்பிட மாட்டாங்க. ஏறிட்டு வந்துடறேன்" என்றான். நானும் வருகிறேன் என்றேன்.

வெளிப்புறமாகச் சுற்றுவது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். உச்சிப் பாறையின் விளிம்பிலேயே கோயில் மதிலை எழுப்பியிருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே பாறை ஒரு பாதம் வைக்கிற அகலம்தான். அதற்கப்பால் ஒன்றுமில்லை, கீழே மரத்தலைகள். மதிலைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போய், மறுபக்கமாக வந்து சேர வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர் மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த நண்பர், கனத்த உடம்புக்காரர். "பக்திக்கு ஒரு ஆள், பகுத்தறிவுக்கு ஒரு ஆள் இருக்கீங்க. சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

எதையும் முதல் நாளே எடுத்து வைப்பது என் வழக்கம். பையில் அடியில் புளியோதரை, அதன் மேல் துண்டு, கற்பூரம், துளசி, டிங்க்சர், பஞ்சு. இரண்டு கூஜாக்களில் காய்ச்சி ஆறவைத்த காவிரித் தண்ணீர்.

அடிவாரத்தில் முள்ளுக்காடு, அதற்கு மேல் மூங்கில். பாதை என்பது மழைத்தண்ணீர் ஓடிய தடம்தான். காலை வைத்தால் கல் உருண்டது. செங்குத்தான இடங்களில் வேரைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் குடும்பம் குடும்பமாக "கோவிந்தா" சொல்லிக்கொண்டு ஏறினார்கள். வெயில் ஏறியதும் மில்காரர் பாறை கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தார். நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். உறையூர்க்காரன் வாங்குவான், அவரிடமே தள்ளுவான். மூங்கில் காட்டைத் தாண்டிய பிறகுதான் அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

"தண்ணி படாமன்னா சாப்பிடாம இருக்கணும்னுதான் அர்த்தம்" என்றேன். "எங்காத்துல ஏகாதசிக்கே ஜலம் உண்டு. மயக்கம் வந்தா பழம் சாப்பிடலாம், முடியாதவாளுக்குப் பால் உண்டு."

"அது உங்களுக்கு, ஐயங்காரே. நம்பிக்கைக்குள்ளே இருக்கிறவங்க கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஒரு வாய் குடிச்சா, நம்பிக்கையில்லாதவன், அதான் குடிச்சுட்டான்னு ஆயிடும்."

"இங்க யாருப்பா பாக்குறாங்க? உங்கம்மா உறையூர்ல இருக்காங்க" என்றார் மில்காரர்.

"வீட்டுக்குப் போய் அவங்க மூஞ்சியப் பாக்கப்போறது நான்தானே."

அதற்குமேல் அவன் பேசினால் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் அவனுக்குப் பின்னால் ஏறினேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே விரதத்தோடு சேர்த்து அதன் விலக்குகளையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பசி தாங்காவிட்டால் என்ன, உடம்பு சரியில்லாவிட்டால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு. அதில் தவறில்லை. ஆனால் விலக்கு ஒன்றும் தெரியாத ஒருவன் விரதம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

உச்சிக்கு வந்தபோது அவன் உதடு வெடித்திருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். எங்களுக்கு முன்னால் மலையடிவாரத்து ஆட்கள் இருவர் சர்வசாதாரணமாகச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்குத் தீர்த்தம் கொடுக்க வெளியே வந்த பட்டர் இவனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவர் சுத்தப்போறாரா? இப்படியேவா? முதல்ல கையை நீட்டச் சொல்லுங்கோ."

"தண்ணி குடிக்கக் கூடாதுங்க. வேண்டுதல்" என்றான் அவன்.

"இது தண்ணி இல்லை, தீர்த்தம். இதனால வேண்டுதலுக்குப் பங்கம் வராது."

"உங்களுக்கு வராதுங்க. எனக்கு அது தண்ணிதான்."

அவன் குரலில் கேலி இல்லை. பட்டர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரையே தீர்த்தம் என்று சொல்வதுண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று நான் யோசிக்க நேர்ந்ததே இல்லை. தினமும் சந்நிதியில் கை நீட்டுகிறேன், வாங்குகிறேன், மீந்த ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்கிறேன். இவனோ அதை வாங்குவதானால் ஒன்று நம்ப வேண்டும், அல்லது அம்மாவின் வார்த்தையை மீற வேண்டும்.

"இப்படியே போனா விழுந்துடுவே. அப்புறம் அம்மா ராத்திரிச் சாப்பாட்டோட நிறுத்துவாளா?" என்றேன்.

அவன் பாறை விளிம்பை எட்டிப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து, ஆற்றில் அள்ளிக் குடிக்கிறவன் மாதிரி நீட்டினான். பட்டர் ஊற்றினார். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குங்களா?" என்று கேட்டான். பட்டர் பாத்திரத்தையே கவிழ்த்துவிட்டார். அவனைச் சிறிது நேரம் நிழலில் உட்காரவைத்து, மூச்சு சீரானதைப் பார்த்த பிறகே போகச் சொன்னார்.

அவன் மதிலோடு மார்பை ஒட்டிக்கொண்டு மூலை திரும்பினான். அப்புறம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுமூலைக்குப் போய் நின்றோம். மில்காரர் கண்ணை மூடிக்கொண்டு "கோவிந்தா, கோவிந்தா" என்று முணுமுணுத்தார். நான் தினம் சொல்கிற பாசுரத்தைச் சொல்லப் பார்த்தேன். முதல் வரிக்குமேல் வரவில்லை. அந்த மூலையில் ஒரு கை தெரிந்தால் போதும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பிரார்த்தனை இல்லை. கை தெரிந்தது. பிறகு கல்லில் அழுந்திய கன்னம்.

உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "சுத்தியாச்சு. ஆனா வேண்டுதல் முடியலை" என்றான்.

"அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லாதேப்பா" என்றார் மில்காரர். நானும் அதையே சொன்னேன். அந்த அம்மாள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு புரட்டாசி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த உடம்பு தாங்காது.

"சொல்லுவேன்" என்றான். இறங்கி பஸ் பிடித்தோம்.

உறையூரில் விளக்கு வைத்திருந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றார். மருமகள் அவருக்குப் பின்னால் நின்றாள். அவன் கால்கூடக் கழுவவில்லை.

"சுத்திட்டேம்மா. ஆனா சுத்துறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுட்டேன்."

"எங்கே குடிச்சே?"

"கோயில் வாசல்ல. பட்டர் குடுத்தாரு."

"தீர்த்தமா?"

"எனக்குத் தண்ணிதாம்மா. தாகத்துக்குத்தான் குடிச்சேன். ரெண்டாந்தரம் நானே கேட்டு வாங்கினேன்."

மருமகள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வேண்டிக்கிட்டது நான். நீ அதை என்னவா நெனச்சுக் குடிச்சா எனக்கென்ன?" என்றார் அம்மா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "சின்னப் பிள்ளையில கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா, தீர்த்தம் வாங்காம ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்குவான். இன்னிக்குக் கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கான்."

"அம்மா, நான் அப்படிக் கேக்கலை."

"சரிடா. கால் கழுவிட்டு வா."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வரையில் அந்த வேண்டுதல் தவறிப்போனது என்றே இன்றுவரை சொல்கிறான். அம்மாவின் வரையில் அது நிறைவேறிவிட்டது. ஒரே கைத் தண்ணீரைப் பற்றி இருவர் சொல்வதும் எனக்கு உண்மையாகவே படுகிறது.

எல்லோருக்கும் இலை போட்டார்கள். அம்மா எங்களோடு உட்கார்ந்தார். ரசம்சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தார். அவன் தன் இலையில் கை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைப் பாத்தது போதும், சாப்பிடு" என்றார் அம்மா, வாயில் சோற்றோடு.