ராகு காலத்துக்கு முன் ஒரு லேப்டாப்

கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்ததும் எனக்கு வந்த முதல் கவலை லேப்டாப். அதே காலேஜில் படிக்கும் ஒரு சீனியர் அக்கா வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதியிருந்தாள்: டிசைன் சாஃப்ட்வேர் ஓட வேண்டுமென்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது இல்லாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். நாலு வருஷத்துக்கும் ஒன்றுதான், இன்னொன்று கேட்க முடியாது.

அப்பாவுக்கோ பத்துப் பேரிடம் கேட்காமல் எதையும் வாங்கத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டார், ஆபீசில் கேட்டார், திருவானைக்காவல் பல் டாக்டரிடம்கூடக் கேட்டார். டெஸ்க்டாப்தான் கண்ணுக்கு நல்லது என்று எதிர்வீட்டு மாமா சொல்லிவிட, இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் எந்த பஸ்ஸில் ஏறுவது?

கடைசியில் லேப்டாப்தான், வெள்ளிக்கிழமை என்று முடிவானது. கடை பத்து மணிக்குத் திறக்கும், பத்தரைக்கு ராகு காலம். நடுவில் இருக்கும் அரை மணிக்குள் வாங்கிவிட வேண்டும் என்றார் அப்பா. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை அவரைக் கிண்டலடித்துக்கொண்டே வந்தேன். ராகுவுக்கு கிராபிக்ஸ் கார்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் காவிரியைப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரர் என் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு, அந்த மாடல் இப்போது கையில் இல்லை, பார்சல் மதியம் ஒரு மணிக்கு வந்துவிடும் என்றார். அப்பா நிதானமாகத் தலையாட்டினார்.

"பன்னெண்டுக்கு மேல நேரம் நல்லாத்தான் இருக்கு. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிடறேன். சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கலாம்மா."

எனக்குப் பகீர் என்றது. ஒரு மணி நாளையாகும், நாளை திங்களாகும், அதற்குள் எதிர்வீட்டு மாமா மறுபடி ஆரம்பிப்பார். மேஜைமேல் வெள்ளி நிறத்தில் மெலிசாக ஒன்று திறந்திருந்தது. மெக்கானிக்கலுக்கு அது இழுக்காது என்று கடைக்காரரே சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

"ராகு காலம் வரப்போகுதுப்பா," என்றேன். "நல்ல காரியத்துக்குக் கிளம்பி வந்துட்டு வெறுங்கையோட திரும்பலாமா?"

எதைச் சொன்னால் அவர் அசைவார் என்று எனக்குத் தெரியும். பத்து இருபத்தெட்டுக்கு பில் போட்டாயிற்று.

முதல் செமஸ்டரிலேயே அதன் வண்டவாளம் தெரிந்துவிட்டது. ஒரு பல்சக்கரத்தை வரைந்து திருப்பினால் போதும், அப்படியே ஹேங் ஆகிவிடும். முசிறி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் தோழிகள் தங்கள் லேப்டாப்பில் முடித்துவிட்டுப் போக, நான் லேபில் கம்ப்யூட்டர் காலியாவதற்குக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எரிச்சலாக வரும். யார் கேட்டாலும், எங்கப்பாவின் ராகு காலத்தால் வந்த வினை என்று சொல்லிச் சிரிக்கவைப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

தீபாவளிக்கு வந்த சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். படித்தவர்கள் இந்தக் காலத்திலுமா இப்படி என்று சித்தப்பா அவரிடம் கேட்டார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். இப்போது சொல்லிவிடப்போகிறார் என்று என் முகம் சூடாகிவிட்டது.

"ஆமா, நாந்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

இல்லை, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவமானமாக இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. பொருள் வாங்கும்போது பொறுமை வேண்டும் என்று சித்தப்பா அப்பாவுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். அப்பா சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.